தையல் லைன் ஷிப்டுக்கு 780 பீஸைத் தாண்ட மாட்டேங்குது. ஆளை மாத்தறதா, வேற வழி இருக்கா?

மூணாம்லைன் கேட்டது:

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. மூணாம் லைனுக்கு சூப்பர்வைசரா வந்து மூணு வாரம் ஆச்சு. பழைய சூப்பர்வைசர் போகும்போது நாலு டெய்லரையும் கூட்டிட்டுப் போயிட்டார். இப்ப இருக்கறது 24 டெய்லர், 6 ஹெல்பர், 2 செக்கிங். ஓடுறது ரவுண்ட் நெக் டீ-சர்ட், 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி. இன்னும் 14,000 பீஸ் பாக்கி.

முதலாளி ஒரு ஷிப்டுக்கு 1200 கேக்கறார். வர்றது 780. நேத்து மணிக்கணக்கு போர்டுல எழுதினது இது: 88, 101, 99, 100, 97, 101, 99, 95.

கடைசிப் பக்கத்துல ஓவர்லாக் மெஷின்ல ஓரம் தைக்கறவங்க பாதி நேரம் பேசிட்டு உக்காந்திருக்காங்க. சத்தம் போட்டா பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் பழையபடி. திங்கட்கிழமைன்னா மூணு பேர் லீவு. "நாலு பேரைத் தூக்கிட்டுப் புது ஆள் போடு"ன்னு மேனேஜர் சொல்றார். இன்சென்டிவ் போட்டா சரியாகும்ங்கறது இன்னொருத்தர் யோசனை. எதுல ஆரம்பிக்கறது?

---

ஐஇ_அவிநாசி:

ஆளைத் தூக்க வேண்டாம். உங்க போர்டே பதில் சொல்லுது.

டெய்லர்கள் சோம்பேறிகள் என்றால் மணிக்கு மணி எண் ஆடும்: 70 வரும், 130 வரும், 85 வரும். உங்களுடையது 101-க்கு மேல் போகவே இல்லை, முதல் மணியை விட்டால் 95-க்குக் கீழே இறங்கவும் இல்லை. பானைக்கு மூடி போட்ட மாதிரி நிற்கிறது. லைனில் எங்கோ ஒரே ஒரு இருக்கை மணிக்கு நூறு பீஸ்தான் விடுகிறது என்று அர்த்தம். மற்ற 23 பேரும் பறந்தாலும் 101-தான் வரும். கடைசிப் பக்கத்து ஆட்கள் பேசிக்கொண்டிருப்பது பீஸ் வராததால். கையில் வேலை இருக்கும் அளவுக்குத்தான் கை ஓடும்.

மணிக்கு நூறு என்றால் ஒரு பீஸுக்கு 36 விநாடி. 35, 36 விநாடி எடுக்கும் வேலையை ஒரே ஆள் செய்யும் இடம் எது? ரவுண்ட் நெக்கில் பெரும்பாலும் அது டேப் குளோசிங், பின்கழுத்தில் வைத்த டேப்பை மடித்துத் தைத்து மூடுவது. சிங்கர், அதாவது ஒற்றை ஊசி மெஷின் வேலை. ஓவர்லாக்கும் பேட்லாக்கும் (தட்டையான தையல் போடும் மெஷின்) நிறையப் போட்டுவிட்டு சிங்கரை ஒன்றோடு நிறுத்துவது எல்லா லைனிலும் நடக்கிற தவறு. ஆனால் நான் சொன்னேன் என்று நம்பி மாற்றிவிடாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள்.

ஒவ்வொரு ஆபரேஷனிலும் ஒவ்வொரு ஆளிடமும் தொடர்ந்து 10 பீஸ் அளக்கவும். முந்தைய பீஸைக் கீழே போட்டது முதல் இந்த பீஸைக் கீழே போடுவது வரை ஒரு சுற்று. நூல் அறுந்தது, கட்டு அவிழ்த்தது வந்த சுற்றை விட்டுவிட்டு மற்றதின் சராசரி. காலை முதல் மணியிலும் சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணியிலும் அளக்காதீர்கள். பின்னால் ஒளிந்து நின்று அளந்தால் ஆள் வேண்டுமென்றே மெதுவாக்குவார். பீஸ் ரேட்டைக் குறைக்கத்தான் அளக்கிறார்கள் என்ற பயம் எல்லா டெய்லருக்கும் உண்டு. "பீஸ் எங்க தேங்குதுன்னு பாக்கறேன், ரேட்டுக்கு இல்லை" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு ரேட்டில் கை வைக்கவும் கூடாது.

ஒரே வேலையை நாலு பேர் செய்யும் இடத்தில் மொத்த நேரம் மட்டும் போதாது. எடுக்கறது, பொருத்தறது, தைக்கறது, நூல் வெட்டறது எனத் துண்டு துண்டாகக் குறியுங்கள். ஏன் என்பது அளந்த பிறகு தெரியும்.

கூடவே ஒரு எண்ணும் வேண்டும்: ஷோல்டர் தொடங்கி செக்கிங் மேசை வரை இப்போது லைனில் எத்தனை பீஸ் கிடக்கிறது? எண்ணிச் சொல்லுங்கள்.

---

பழைய_மாஸ்டர்:

ஏனுங்க, இத்தனை கணக்கு எதுக்குங்க? மத்தியானம் ரெண்டு மணிக்கு லைன்ல ஒரு நடை நடந்து பாருங்க. எந்த மெஷினுக்கு முன்னாடி மலையாட்டம் குவிஞ்சு, அடுத்த மெஷின் பெட்டி காலியா இருக்குதோ, அங்கதான் கோளாறு. வாட்ச் அப்புறம் வெச்சுக்கலாம்.

இன்சென்டிவ் இப்பப் போடாதீங்க. பீஸே வராத ஆளுக்கு இன்சென்டிவ் போட்டா அவன் என்னத்தத் தைப்பான்? ரெண்டு வாரத்துல "இதுவும் ஏமாத்து"ன்னு பேராயிடும். அப்புறம் நெசமாப் போட்டாலும் எவனும் நம்ப மாட்டான்.

---

மூணாம்லைன்:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. நடந்தும் பார்த்தாச்சு, அளந்தும் பார்த்தாச்சு. ரெண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டுது.

ஆபரேஷன், விநாடி, ஆள்:
ஷோல்டர் 22, 2 பேர்
ரிப் (கழுத்துப் பட்டி) மேக்கிங் 10, 1
நெக் ரிப் அட்டாச் 28, 3
டேப் அட்டாச் 25, 2
லேபிள் 15, 1
டேப் குளோசிங் 35, 1
நெக் டாப் பேட்லாக் 20, 2
கை மடிப்பு 24, 2
கை அட்டாச் 45, 4
சைடு 55, 4
பாட்டம் (அடி மடிப்பு) 30, 2

கை அட்டாச் நாலு பேருக்கும் தனித்தனியா 38, 41, 44, 57. அந்த 57 எடுக்கற அக்காவைத்தான் மேனேஜர் நிறுத்தச் சொல்றார். துண்டு துண்டாப் பார்த்தா தைக்கற நேரம் நாலு பேருக்கும் 22-தான்! இவங்களுக்கு எடுக்கறது 9, பொருத்தறது 12, நூல் வெட்டறது 14. மத்த மூணு பேரும் ரெண்டு கையையும் விடாம ஓட்டிட்டுக் கடைசியில ஒரு வெட்டு. இவங்க ஒவ்வொரு கைக்கும் கத்தரி எடுத்து வெட்டறாங்க.

லைன்ல கிடக்கறது ஏறக்குறைய 900 பீஸ். அதுல பாதிக்கு மேல டேப் குளோசிங்குக்கு முன்னாடி.

---

ஐஇ_அவிநாசி:

நன்றாக அளந்திருக்கிறீர்கள். 57 எடுப்பவர் மெதுவான டெய்லர் இல்லை. அவருக்கு யாரும் இடையில் வெட்டாமல் சங்கிலியாக ஓட்டக் கற்றுத்தரவில்லை, அவ்வளவுதான். அவரை நிறுத்திப் புது ஆள் எடுத்தால் புது ஆள் பழக ஒரு வாரம் போகும். நூல் வெட்டைக் கடைசிக்கு மாற்றுங்கள். ஹெல்பர் கைத்துணியை இடம் வலம் ஜோடியாக, முன்பக்கக் கட் மார்க் மேலே தெரியும்படி அடுக்கி இடது பக்கம் வைக்கட்டும். பொருத்தும் நேரமும் குறையும். 38 எடுப்பவர் பக்கத்தில் அரை மணி உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் வாயால் சொல்வதைவிட அது வேகமாக ஏறும்.

ஆனால் இதனால் இன்றைய அவுட்புட் ஒரு பீஸ்கூட ஏறாது. கை அட்டாச்சில் நாலு பேர் இருக்கிறார்கள், அங்கே ஏற்கனவே திறன் மிச்சம். மூடி இருப்பது டேப் குளோசிங்கில்: 3600-ஐ 35-ஆல் வகுத்தால் 102. உங்கள் போர்டின் 101 அங்கிருந்து வருகிறது.

நாளைக்கே செய்யக்கூடியது: லேபிள் சிங்கருக்கு 15 விநாடி வேலைதான், ஒவ்வொரு மணி நேரத்திலும் அரை மணிக்கு மேல் சும்மா இருப்பார். லேபிளையும் குளோசிங்கையும் சேர்த்து 50 விநாடி, இரண்டு பேருக்கும் சமமாகப் பிரியுங்கள். ஆளுக்கு 25. கணக்குப்படி மணிக்கு 144. நடைமுறையில் 85 சதவீதம் வைத்தால் 122, ஷிப்டுக்கு 975 அளவில். ஒரு ரூபாய் செலவில்லை.

அடுத்தது மூன்றாவது சிங்கர். சாம்பிள் செக்‌ஷனில் ஒன்று சும்மா நிற்கும், கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு வெளியே தேட வேண்டாம். கை அட்டாச் நாலு பேரில் சிங்கர் தெரிந்தவரை மாற்றுங்கள். கை அட்டாச் மூன்று பேருக்கு 15 விநாடியாகும், அதுவும் போதும். மூன்று சிங்கருக்கு 50 விநாடி என்றால் எழுத்தில் மணிக்கு 216 வரும். 150 வந்தாலே உங்கள் 1200 ஆகிவிடுகிறது. மீதி 66-ஐ ஊசி உடைவதும் நூல் மாற்றுவதும் லீவும் தின்றுவிடும். அதற்கான இடம் விட்டே கணக்குப் போட வேண்டும்.

முதலாளியிடம் சதவீதத்தில் பேசுங்கள். பீஸுக்கு சாம், அதாவது ஒரு பீஸ் தைக்க ஆக வேண்டிய நேரம், ஏறக்குறைய 6 நிமிடம் (மேலே உள்ள 309 விநாடியோடு 15 சதவீத அலவன்ஸ்). 24 டெய்லர் × 480 நிமிடம் = 11,520. 780 × 6 = 4,680. எபிசியன்சி, அதாவது இருக்கும் நேரத்தில் பீஸாக மாறியது, 40 சதவீதத்தை ஒட்டி. 1200 என்றால் 62 சொச்சம். 40-லிருந்து 62-க்கு ஒரே வாரத்தில் ஏறாது. முதல் வாரம் 950, மூன்றாம் வாரம் 1200 என்று ஒத்துக்கொள்ள வையுங்கள். முதல் வாரமே 1200 என்று போர்டில் எழுதினால், பதினொரு மணிக்கெல்லாம் "இன்னைக்கு ஆகாது" என்று தெரிந்துவிடும். பிறகு யாரும் போர்டைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கிடக்கும் 900 பீஸ்: மணிக்கு 97 என்றால் 9 மணி நேரத்துக்கு மேல். இன்று காலை ஷோல்டரில் ஏறிய பீஸ் நாளை டீ நேரத்துக்குத்தான் செக்கிங் மேசைக்கு வரும். இடையில் ஷோல்டரில் ஊசி மழுங்கி ஓட்டை விழுந்தால்? நாளை தெரியும்போது 900 பீஸ் ஓட்டையாகி இருக்கும். ஒரு கட்டுக்கு 20 பீஸ் என்பதை 10-ஆகக் குறைத்துவிடுங்கள். குளோசிங்குக்கு முன்னால் 6 கட்டுக்கு மேல் சேர்ந்தால் ஷோல்டரை நிறுத்தி, அந்த ஆளை வேறு வேலைக்கு அனுப்புங்கள். மெஷின் சும்மா நிற்பதைப் பார்க்க முதலாளிக்கு வயிறு எரியும். தேவையில்லாத இடத்தில் ஓடும் மெஷின் குப்பையைத்தான் சேர்க்கிறது என்பதை 900 பீஸைக் காட்டியே சொல்லலாம்.

---

செக்கிங்_மேசை:

எல்லாரும் வேகத்தையே பேசறீங்க. ஆல்டர், அதான் தப்பாகித் திரும்பத் தைக்க வர்ற பீஸ், எத்தனை வருதுங்க?

100-க்கு 14 வருதுன்னு வெச்சுக்கங்க. 780-க்கு 109 பீஸ். பிரிச்சு, திரும்பத் தைச்சு, மறுபடி செக்கிங் வர 4 நிமிஷம்னாலும் 436 நிமிஷம். ஒரு டெய்லரோட முழு ஷிப்டு! அதுவும் ஆல்டர் தைக்கறது பெரும்பாலும் உங்க நல்ல டெய்லராத்தான் இருப்பார்.

கடைசியில செக்கிங் போட்டு எண்ணிட்டு இருந்தா குறையாது. ஒரு செக்கரை லைனுக்குள்ள விடுங்க. மணிக்கு ஒரு சுத்து. ஒவ்வொரு டெய்லர்கிட்டயும் அப்பத் தைச்ச 7 பீஸ். ஒண்ணுமில்லைன்னா பச்சை அட்டை, ஒண்ணு இருந்தா மஞ்சள், ரெண்டுன்னா சிவப்பு. சிவப்பு வந்தா சூப்பர்வைசர் உடனே அங்க போகணும். திட்டறதுக்கு இல்லைங்க, மெஷினைப் பாக்கறதுக்கு. சிவப்புன்னதும் மாலை போட்ட மாதிரி கழுத்துல தொங்க விட்டு அவமானப்படுத்தற லைனும் இருக்கு. அங்க டெய்லர் தப்புப் பீஸைக் கட்டுக்கு நடுவுல சொருகி மறைக்கத்தான் பழகுவார்.

சிங்கிள் ஜெர்சியில வர்ற தப்புல பாதி ஆள் தப்பே இல்லை:

ஊசி ஓட்டை: ஊசி முனை மழுங்கியிருக்கும், இல்லேன்னா சைஸ் பெருசு. 160 ஜிஎஸ்எம்முக்கு 11-ம் நம்பர் பால் பாயிண்ட் போதும். ஊசி மாத்தியும் ஓட்டை விழுந்தா துணியில சாப்ட்னர் பத்தலை. டையிங்குக்குச் சொல்லுங்க, டெய்லரை ஒண்ணும் சொல்லாதீங்க.

பேட்லாக்ல ஸ்கிப் (தையல் விட்டுப் போறது): லூப்பர் (கீழ்நூலைக் கோக்கற கொக்கி) டைமிங், இல்லேன்னா ஊசி சரியா ஏறாம இருக்கும். மெக்கானிக் வேலை.

பாட்டம் முறுக்கறது: டெய்லர் கையால இழுத்துத் தைக்கிறார், இல்லேன்னா டிபரன்ஷியல் பீட் (துணியை நகர்த்தற பல்லு) சரியில்லை. சைடு தையலே முறுக்கிப் போனா அது துணி. கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்க.

ஆயில் கறை: காலையில மெஷினைத் துடைச்சு, வேஸ்ட் துணியில பத்து இஞ்சு தையல் ஓட்டிட்டு அப்புறம் பீஸ் வைங்க.

பையர் இன்ஸ்பெக்‌ஷன்ல ஏக்யூஎல் (ஏத்துக்கற தப்போட அளவு) 2.5-ன்னா, 1201-லிருந்து 3200 பீஸ் வரைக்கும் இருக்கற லாட்டுக்கு 125 பீஸ் எடுப்பாங்க. 7 தப்பு வரைக்கும் பாஸ், 8 வந்தா லாட்டே திரும்பும். 1200-ஐ எட்டிட்டு லாட்டு திரும்பினா மொத்தத்தையும் பிரிச்சு மறுபடி பாக்கணும். அதனால போர்டுல அவுட்புட் பக்கத்துலயே ஆல்டர் எண்ணையும் எழுதுங்க.

---

தறிநிழல்:

எல்லாம் சரி, ஆனா கொஞ்சம் கண்டிப்பு இல்லாம லைன் ஓடாது. பேசிட்டு இருக்கறவங்களை விட்டா நாளைக்கு எல்லாரும் பேசுவாங்க. ரெண்டு பேரை நிறுத்தினா மத்தவங்க தானா ஒழுங்காயிடுவாங்க.

---

பழைய_மாஸ்டர்:

ரெண்டு பேரை நிறுத்தினா எட்டுப் பேர் பக்கத்துக் கம்பெனிக்குப் போயிடுவாங்க தம்பி. இது திருப்பூருங்க, கேட்டைத் தாண்டினா "டெய்லர் தேவை"ன்னு அட்டை தொங்குது. மூணாம் லைன்ல ஏற்கனவே நாலு பேர் போயாச்சு.

கண்டிப்பு வேணும், யாருக்குங்கறதுதான் கேள்வி. வேலை தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கணும். வேலை தெரிஞ்சும் கட்டு வராம உக்காந்திருக்கறவனுக்குக் கட்டு கொண்டாந்து கொடுக்கணும். ரெண்டும் இருந்தும் செய்யாதவன்தான் கண்டிப்புக்கு ஆள். அவனையும் லைன் நடுவுல வெச்சுக் கத்தாம டீ நேரத்துல தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. 24 பேர்ல அப்படி ஒருத்தரோ ரெண்டு பேரோ இருந்தாப் பெருசு.

திங்கட்கிழமை லீவுக்குக் காரணம் தேட வேண்டாம். சனிக்கிழமை சம்பளம், ஞாயித்துக்கிழமை ஊர், நல்லது கெட்டது. அதைத் திட்டி நிறுத்த முடியாதுங்க, தாங்கற மாதிரி ஆள் வெச்சுக்கணும். ஒரு அட்டையில இடது பக்கம் 24 பேரு, மேல 11 ஆபரேஷன். நல்லாத் தெரிஞ்சா ரெண்டு புள்ளி, சுமாராத் தெரிஞ்சா ஒண்ணு. எந்த ஆபரேஷனுக்கு ஒரே ஒரு ஆள் மட்டும் தெரியுதோ அதுதான் உங்க திங்கட்கிழமைத் தலைவலி. தினமும் கடைசி அரை மணி நேரம் ஒரு ஆளை அந்த வேலைக்குப் பழக்குங்க. டேப் குளோசிங் மொதல்ல. சனிக்கிழமை சாயங்காலமே "திங்கள் யார் வரலை"ன்னு சிரிச்சுக் கேளுங்க, திட்டாமக் கேட்டா உண்மையைச் சொல்வாங்க.

ஒடிசா, பீகார் பசங்க இருந்தா வாய்ச்சொல் வேண்டாம். மெஷினுக்கு மேல சரியான பீஸ் ஒண்ணு, தப்பான பீஸ் ஒண்ணு கட்டித் தொங்க விடுங்க. தப்பான எடத்துல சாக்பீஸ்ல ஒரு வட்டம்.

---

மூணாம்லைன்:

குளோசிங் பிரிச்சு இன்னைக்கு ரெண்டாவது நாள். 931 வந்துச்சு. ஆல்டர் 100-க்கு 11. சாம்பிள் செக்‌ஷன் சிங்கர் திங்கட்கிழமையிலிருந்து தர்றேன்னு சொல்லிட்டாங்க. இன்சென்டிவ் எப்பப் போடலாம், எப்படிப் போடறதுன்னு மட்டும் சொல்லுங்க. முதலாளிகிட்ட கணக்கோட போகணும்.

---

ஐஇ_அவிநாசி:

ஒரு வாரம் முழுக்க 1000 நின்ற பிறகு. அதற்கு முன் வேண்டாம்.

தனி ஆளுக்குப் போடாதீர்கள். தனி ஆளுக்கு என்றால் ஷோல்டர்காரர் ஓட்டித் தள்ளுவார், மறுபடி 900 பீஸ் கிடக்கும். செக்கிங் பாஸ் ஆன பீஸுக்கு, லைன் மொத்தத்துக்கும், ஹெல்பரும் செக்கிங்கும் உட்பட. உதாரணமாக 1000 தாண்டினால் தலைக்கு 30 ரூபாய், 1100-க்கு 60, 1200-க்கு 100. ஆல்டர் 100-க்கு 8-க்கு மேல் போன நாளில் கிடையாது. அந்த வாரச் சம்பளத்தோடு கையில் கொடுத்துவிட வேண்டும், அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் பலன் போய்விடும்.

முதலாளிக்கு: 32 பேருக்குச் சராசரி 550 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 17,600. 780 பீஸ் வந்தால் பீஸுக்கு 22 ரூபாய் 56 காசு. 1200 வந்தால் 14.67, இன்சென்டிவ் 3,200-ஐச் சேர்த்தாலும் 17.33. பீஸுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் மிச்சம், 14,000 பீஸுக்கு எவ்வளவு என்று அவரே போட்டுப் பார்ப்பார். ஒன்றரை ஷிப்டு ஓட்டி 1200 எடுக்கலாம் என்று அவர் சொன்னால் இந்தக் காகிதத்தை நீட்டுங்கள். மிகைநேரத்துக்குச் சட்டப்படி இருமடங்கு கூலி. அதோடு ராத்திரி தைத்த பீஸ் காலையில் ஆல்டராகத் திரும்பும்.

1200 வந்ததும் மூடி வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கலாம். அடுத்து இறுக்கமான இடம் கை அட்டாச்சோ பாட்டமோ. மறுபடி அளந்து பாருங்கள்.

---

பழைய_மாஸ்டர்:

சாம்பிள் செக்‌ஷன் சிங்கர் வர்ற எடத்துக்கு பிளக் பாயிண்டும் லைட்டும் சனிக்கிழமை சாயங்காலமே போட்டு, ரெண்டு பீஸ் தைச்சும் பாத்துடுங்க. திங்கட்கிழமை காலைல எலக்ட்ரீஷியனைத் தேடினா பத்தரை ஆயிடும். அவரும் லீவுல இருப்பாருங்க.